இரண்டு பிளாட்பாரங்களும் ‘போட்டி’ என்னும் சொல்லாடலும்

1

சில மாதங்களுக்கு முன்பு ஈரோட்டில் நண்பர்கள் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். கூகுள், அமேசான், ஆப்பிள் முதலான பெருநிறுவனங்கள் இணையச் சந்தையில் செலுத்தும் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்த இங்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எடுக்கப்படும் சட்ட முயற்சிகள் பற்றிச் சில குறிப்புகளை நான் முன்வைத்தேன். பாதி தாண்டுவதற்குள் மூத்த தோழர் ஒருவர் குறுக்கிட்டார். ‘இது முதலாளிக்கும் முதலாளிக்கும் நடக்குற பாகப்பிரிவினைங்க. அமேசான் ஜெயிச்சா என்ன, அம்பானி ஜெயிச்சா என்ன? இதுல நமக்கு என்ன வேலை?’ பலர் தலையாட்டினார்கள். அன்றைக்கு என்னிடம் தெளிவான பதில் இல்லை. பேருந்தில் வரும்போது யோசித்ததும் பிறகு தேடிப் படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை.

தோழரின் கேள்விக்குப் பின்னால் கனமான ஒரு மரபு இருக்கிறது. 1916இல் ஏகாதிபத்தியம் பற்றி எழுதிய லெனின், சுதந்திரப் போட்டியே குவிப்பை உண்டாக்கி ஏகபோகத்தில் போய் முடிகிறது என்று வாதிட்டார். ஏகபோகத்தைத் திட்டிவிட்டுப் பழைய சுதந்திரப் போட்டிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பவர்களைக் குட்டிமுதலாளியக் கனவு காண்பவர்கள் என்றும் விமர்சித்தார். அந்தப் பாடத்தைப் படித்து வளர்ந்தவருக்கு ‘போட்டியைப் பாதுகாப்போம்’ என்கிற சட்டத்தின் குரல் எரிச்சலூட்டத்தான் செய்யும். எனக்கும் எரிச்சலூட்டுகிறது. ஆனால் அந்த எரிச்சலோடு நாம் விலகி நின்றுவிட்டால் நடக்கிற விவாதத்தில் யாருடைய குரல் இல்லாமல் போகிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

2

சென்னிமலையில் என் பெரியம்மா மகன் போர்வை வியாபாரம் செய்கிறார். சொந்தமாகத் தறி கிடையாது. நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்கி விற்பவர். 2017இல் பெரிய இணையச் சந்தை ஒன்றில் கடை திறந்தார். (அதன் பெயர் இங்கே வேண்டாம்.) முதல் இரண்டு வருஷம் நல்ல ஓட்டம். சென்னிமலையைக் கேள்விப்படாத ஊர்களுக்கெல்லாம் போர்வை போனது. பிறகு கழிவுகள் கூடின. கமிஷன், கிடங்கு வாடகை, அனுப்பும் கூலி, திரும்பி வரும் சரக்குக்கான தண்டம். கடைசியாக விளம்பரக் கட்டணம். அதைக் கட்டாவிட்டால் சரக்கு பத்தாவது பக்கத்துக்குப் போய்விடும். பத்தாவது பக்கத்தை யார் பார்க்கிறார்கள்?

ஒருநாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டிருந்தது. ‘என்ன தப்புப் பண்ணுனேன்னு கேட்டுக் கேட்டு எழுதறேன் தம்பி. கொள்கைய மீறிட்டீங்கன்னு அதே வரி திரும்பத் திரும்ப வருது. எந்தக் கொள்கைன்னு சொல்லமாட்டேங்கறாங்க. பதில் போடறது மனுசனா மிசினான்னே தெரியலை.’ நாற்பது நாள் கழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் கணக்கு திறந்தது. அதற்குள் அவருடைய சரக்கு இருந்த வரிசையில் வேறு பெயரில் அதே கோடுபோட்ட போர்வை, அவருடைய விலைக்குக் கீழே. அது அந்தச் சந்தைக்காரர்களின் சொந்தப் பெயர்ச் சரக்கு. அவருடைய விற்பனைக் கணக்கைப் பார்த்துச் செய்தார்களா, தற்செயலா? அண்ணனால் நிரூபிக்க முடியாது. நிரூபிப்பதற்கு வேண்டிய தகவல் முழுவதும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கிறது.

‘வேற சந்தைக்குப் போயிடலாமுங்களேண்ணா’ என்றேன். சிரித்தார். ‘சனம் எங்க இருக்குதோ அங்கதான் கடை போட முடியும். கடை எம்படதுதான் தம்பி. சாவி அவங்கிட்ட.’

பொருளாதாரப் பாடத்தில் போட்டி என்பது ஒரே சந்தையில் நிற்கும் இரண்டு வியாபாரிகளுக்கு இடையே நடப்பது. அண்ணனின் நிலைமை அந்தச் சொல்லுக்குள் அடங்காது. அவருடைய எதிராளி விதி எழுதுகிறார், வரி வசூலிக்கிறார், தண்டிக்கிறார், மேல்முறையீட்டையும் தானே விசாரிக்கிறார், கூடவே பக்கத்துக் கடையிலும் உட்கார்ந்து விற்கிறார். இப்படி ஒரே கையில் சேரும் செயல்களை நாம் வழக்கமாக ‘அரசு’ என்ற பெயரில்தான் படித்திருக்கிறோம். அரசியலமைப்பு, தேர்தல், நீதிமன்றம் எதுவும் இல்லாத ஓர் அரசு இது.

3

இந்தியச் சட்டப் பிரதிகளை வாசித்தால் ஒரு சொல் இடம்பெயர்ந்த கதை கிடைக்கிறது. 1969இல் வந்தது ‘ஏகபோக மற்றும் கட்டுப்படுத்தும் வர்த்தக நடைமுறைகள் சட்டம்’. பெயரிலேயே ஏகபோகம். பொருளாதார அதிகாரம் பொதுநலனுக்குக் கேடாக ஒரு சிலர் கையில் குவியக்கூடாது என்கிற அரசியலமைப்பின் 39ஆவது பிரிவின் வாசனை அதில் இருந்தது. (அந்தச் சட்டத்தின் நிழலிலேயே பெரும் தொழில் குடும்பங்கள் வளர்ந்தன என்பது வேறு கதை. அதைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை.) தாராளமயத்துக்குப் பிறகு அது ஒதுக்கப்பட்டு 2002இல் ‘போட்டிச் சட்டம்’ வந்தது. 2009 மே மாதம் முதல் இந்தியப் போட்டி ஆணையம் அதைச் செயல்படுத்தத் தொடங்கியது. புதிய சட்டத்தின்படி ஆதிக்க நிலையில் இருப்பது குற்றமல்ல, அதைத் தவறாகப் பயன்படுத்துவதே குற்றம். குவிந்த அதிகாரத்தை நோக்கிய பார்வை அந்த அதிகாரத்தின் நடத்தையை நோக்கித் திரும்பிவிட்டது. யானை இருக்கலாம், மிதிக்கக்கூடாது என்பது மாதிரி.

அமெரிக்காவில் இதே திருப்பம் முன்னாடியே நடந்துவிட்டது. 1890இன் ஷெர்மன் சட்டத்தைக் கொண்டு 1911இல் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தை 34 துண்டுகளாக உடைத்த நாடு அது. 1978இல் வெளிவந்த ராபர்ட் போர்க்கின் நூலும் சிகாகோப் பள்ளியும் சேர்ந்து கேள்வியைச் சுருக்கின: நுகர்வோருக்கு விலை ஏறியதா, இல்லையா? ஏறவில்லை என்றால் எவ்வளவு பெரிய நிறுவனமும் பிரச்சினை இல்லை. அடக்க விலைக்குக் கீழே விற்று, நஷ்டத்தைத் தாங்கி, எதிரிகள் ஓய்ந்த பிறகு சந்தையைக் கைப்பற்றும் ஒரு நிறுவனத்தை இந்த அளவுகோல் பாராட்டத்தான் செய்யும். 2017இல் லீனா கான் என்ற சட்ட மாணவி அமேசானை முன்வைத்து எழுதிய நீண்ட கட்டுரை தொட்ட இடம் இதுதான். விலையை மட்டும் பார்த்தால் தளத்தின் கட்டமைப்பில் இருக்கிற அதிகாரம் தெரியாது என்றார். 2021இல் அவரே அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்துக்குத் தலைவரானார். 2023 செப்டம்பரில் அந்த ஆணையம் 17 மாநிலங்களுடன் சேர்ந்து அமேசான் மீது வழக்குத் தொடுத்தது. விற்பனையாளர்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி பல்வேறு கட்டணங்களாக அமேசானுக்கே போய்விடுகிறது என்பது அதன் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அமேசான் வழக்கை மறுத்து எதிர்கொள்கிறது.

பாதி! நம்மூர்க் குத்தகையின் வாசனை அடிக்கவில்லையா? வாரத்துக்கு நிலம் உழுதவனுக்கும் நிலக்கிழாருக்கும் நடந்ததை யாரும் ‘போட்டி’ என்று சொன்னதில்லை.

4

‘சந்தை இயல்பாக இயங்குகிறது, அரசு அதில் தலையிடுகிறது’ என்பது எல்லாத் தரப்புக்கும் வசதியான ஒரு கதையாடல். தலையீடு வேண்டும், வேண்டாம் என்று இரண்டு கட்சி பிரிந்து சண்டை போடலாம். 1979இல் பாரிசில் ஆற்றிய உரைகளில் ஃபூக்கோ இந்தக் கதையாடலைக் கலைத்துப் போட்டார். போருக்குப் பிந்தைய ஜெர்மானிய நவதாராளவாதிகளை வாசித்து அவர் எடுத்துக்காட்டியது இது: அவர்களுக்குப் போட்டி இயற்கையில் கிடைக்கிற ஒன்றாக இருக்கவில்லை. சட்டத்தாலும் நிர்வாகத்தாலும் ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டே இருக்கவேண்டிய ஒரு விளையாட்டாக இருந்தது. சந்தைக்காகவே ஆட்சி நடத்த வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள்.

இதை நாம் நமக்காகத் திருப்பி வாசிக்கலாம். போட்டி என்பது விதிகளால் உருவாக்கப்படுவது என்றால், விதியே இல்லாத சந்தை என்று ஒன்று எங்கும் கிடையாது. சட்டமன்றம் விதி எழுதாத இடத்தில் தளம் எழுதிக்கொள்கிறது. எந்தப் போர்வை முதல் பக்கத்தில் வரவேண்டும் என்று தீர்மானிக்கும் கணிநிரலும் ஒரு விதிதான். அது யாருக்கும் வாசிக்கக் கிடைக்காத விதி. ஆகவே ‘ஒழுங்குபடுத்தலாமா, கூடாதா’ என்ற கேள்வியே பிழையானது. ஏற்கனவே கடுமையாக ஒழுங்குபடுத்தப்பட்ட இடத்துக்குள்தான் அண்ணன் கடை போட்டிருக்கிறார்.

அதே 1979இல் பிரோதெல் தமது மூன்று தொகுதி வரலாற்றை முடித்தார். சந்தைப் பொருளாதாரத்தையும் முதலாளித்துவத்தையும் அவர் ஒன்றாகப் பார்க்கவில்லை. வெளிப்படையான கொடுக்கல் வாங்கல் நடக்கும் சந்தை ஒரு தளம். அதற்கு மேல்தளத்தில் தகவலையும் கடனையும் கைக்குள் வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஆள்வது முதலாளித்துவம். அந்த மேல்தளத்தை அவர் ‘எதிர்ச்சந்தை’ என்றே குறிப்பிட்டார். நம் தோழர்களில் பலர் சந்தையையும் முதலாளித்துவத்தையும் ஒரே மூச்சில் வெறுக்கிறவர்கள். வாரச்சந்தையில் கருவாடு விற்கும் அக்காவையும் சியாட்டிலில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனத்தையும் ஒரே சொல்லால் சுட்டுகிற வரை, இரண்டாமவர் முதலாமவரை விழுங்குவதை விவரிக்க நம்மிடம் மொழி இருக்காது.

5

சரி, இங்கே நடந்த வழக்குகளுக்கு வருவோம். யார் புகார் கொடுத்தார்கள் என்று பார்ப்பது முக்கியம்.

2012இல் கூகுளின் தேடல் முடிவுகள் பாரபட்சமானவை என்று போட்டி ஆணையத்துக்குப் போன இரண்டு தரப்புகளில் ஒன்று சென்னையிலிருந்து இயங்கும் மேட்ரிமோனி நிறுவனம். மற்றது ஒரு நுகர்வோர் அமைப்பு. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. சாதிவாரியாக, உட்சாதிவாரியாக வரன் தேடும் தனித்தனித் தளங்களை நடத்தும் ஒரு நிறுவனம், தேடல் பக்கத்தில் தனக்குச் சமவாய்ப்பு இல்லை என்று முறையிட்டதன் நகைமுரண் நமக்குப் புரியாமல் இல்லை. தன் தளத்துக்குள் எல்லா வேலிகளையும் வைத்துக்கொண்டு, அடுத்தவர் தளத்தில் வேலி கூடாது என்பது. ஆனால் புகார் கொடுத்தவரின் முகத்தைப் பார்த்துப் புகாரைத் தள்ளிவிட முடியாது. வாசற்படி ஒருவர் கையில் இருக்கும்போது உள்ளே யார் தெரியலாம் என்பதை அவரே முடிவுசெய்வது அதிகாரம்தான்.

2022 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஆண்ட்ராய்டு செல்போன்களில் தன் செயலிகளைத் திணித்ததற்காக கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம். செயலிக் கடையில் தன் பணம்செலுத்தும் முறையைக் கட்டாயமாக்கியதற்காக ரூ. 936.44 கோடி. முதல் அபராதத்தை 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்தது. ஆனால் ஆணையம் போட்ட பத்து கட்டளைகளில் நான்கை நீக்கிவிட்டது. இரண்டாவது அபராதம் 2025 மார்ச்சில் ரூ. 216.69 கோடியாகச் சுருங்கியது. இடையில் நடந்த ஒரு சம்பவம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கட்டணத் தகராறில் சில இந்திய நிறுவனங்கள் சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றன. உச்சநீதிமன்றத்திலும் இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2024 மார்ச் 1 அன்று கூகுள் பத்து நிறுவனங்களின் செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கத் தொடங்கியது. டெல்லியில் அமைச்சர் கண்டித்தார், கூப்பிட்டுப் பேசினார். சில நாட்களில் செயலிகள் திரும்பி வந்துவிட்டன.

சென்னிமலை அண்ணனுக்கு எந்த அமைச்சரும் போன் போடமாட்டார்.

அமேசான், ஃபிளிப்கார்ட் விஷயத்தில் புகார் கொடுத்தவர்கள் டெல்லி வியாபாரிகள். செல்போன்களைத் தனியுரிமையாக வெளியிடுவது, விருப்பமான விற்பனையாளர்களுக்குச் சலுகை, ஆழத் தள்ளுபடி என்பவை குற்றச்சாட்டுகள். 2020 ஜனவரியில் விசாரணைக்கு உத்தரவு வந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் தடை போட்டது. விசாரணையைத் தொடரலாம் என்று உச்சநீதிமன்றம் சொன்னபோது 2021 ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதே 2021இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட ஒரு செய்தி, அமேசானின் உள் ஆவணங்களை ஆதாரமாக வைத்தது: 2019 தொடக்கத்தில் அதன் இந்தியத் தளத்தில் இருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்களில் 35 பேர் மட்டும் மூன்றில் இரண்டு பங்கு விற்பனையை வைத்திருந்தார்கள். தான் யாருக்கும் பாரபட்சம் காட்டவில்லை என்று அமேசான் மறுத்தது. ‘லட்சக்கணக்கான சிறுவியாபாரிகளின் மேடை’ என்கிற விளம்பரப் பிரதிக்குள் ஒளிந்திருக்கும் மௌனம் அந்த 35 என்ற எண்.

தளத்தை நடத்துபவர் அதே தளத்தில் விற்கக்கூடாது என்ற கருத்து புதிதல்ல. அமெரிக்காவில் 1906இல் கொண்டுவரப்பட்ட ஹெப்பர்ன் சட்டம், ரயில் நிறுவனங்கள் தாங்களே உற்பத்தி செய்த சரக்கைத் தங்கள் ரயிலில் ஏற்றி மாநிலங்களுக்கு இடையே வியாபாரம் செய்வதைத் (மரம் நீங்கலாக) தடைசெய்தது. தண்டவாளம் வைத்திருப்பவன் நிலக்கரியும் விற்றால் அடுத்தவன் நிலக்கரி வழியிலேயே நின்றுவிடும் என்ற எளிய அறிவு. இந்தியாவிலும் இப்படி ஒரு பிரிப்பு உண்டு. ஆனால் அது அந்நிய முதலீட்டு விதியாக இருக்கிறது. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அந்நிய முதலீடு பெற்ற இணையச் சந்தை தான் பங்கு வைத்திருக்கும் நிறுவனத்தைத் தன் தளத்தில் விற்க விடக்கூடாது. ரிலையன்சின் தளத்துக்கும் டாட்டாவின் தளத்துக்கும் இது பொருந்தாது. தராசைக் கையில் வைத்திருப்பவன் சரக்கையும் வைத்திருப்பது பிரச்சினை என்றால், அவன் எந்த நாட்டுக்காரன் என்பது எப்படிப் பதிலாகும்? இந்த இடத்தில் தோழர் சொன்ன ‘பாகப்பிரிவினை’ என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது. தேசியவாதம் எதேச்சையாகவா இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது?

6

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. ஒவ்வொரு வழக்காக நடத்தி வருஷங்களைத் தொலைப்பதற்குப் பதில், பெரிய தளங்களுக்கு முன்கூட்டியே கடமைகளை விதித்துவிடுவது. 2022 நவம்பரில் அமலுக்கு வந்த டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கீழ் 2023 செப்டம்பரில் ஆல்ஃபபெட், அமேசான், ஆப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகிய ஆறும் ‘வாயிற்காப்போர்’ என அறிவிக்கப்பட்டன. தன் சரக்கைத் தானே முன்னால் நிறுத்தக்கூடாது, தளத்தில் விற்பவரின் வெளிவராத தரவை எடுத்து அவரோடு மோதக்கூடாது, வெளியே மலிவாகக் கிடைக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைத் தடுக்கக்கூடாது என்பவை முக்கியமான கட்டளைகள். மீறினால் உலகளாவிய விற்றுமுதலில் 10 சதவீதம் வரை அபராதம். 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ விதித்தார்கள்.

இதே பாதையில் இந்தியாவில் 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியிடப்பட்டது. ‘அமைப்புரீதியில் முக்கியத்துவம் வாய்ந்த’ நிறுவனங்களை முன்கூட்டியே அடையாளம் காண அதில் அளவுகள் உண்டு: இந்திய விற்றுமுதல் ரூ. 4,000 கோடி, பயனர்கள் ஒரு கோடி அல்லது வணிகப் பயனர்கள் 10,000 என்பதுபோல. தொழில்நுட்ப நிறுவனங்களும் அவற்றின் சங்கங்களும் ‘புத்தாக்கம் செத்துவிடும்’ என்று கூக்குரலிட்டன. 2025இலும் அது வரைவாகவே கிடந்தது, இன்னும் ஆராய வேண்டியிருக்கிறது என்றது அரசு.

இந்தச் சட்டங்களை நான் வரவேற்கிறேன். ஆனால் அவற்றின் மொழியை வாசிக்கும்போது ஓர் இடைவெளி தெரிகிறது. நிறுவனத்துக்கும் ஆணையத்துக்கும் இடையே எல்லாம் நடக்கிறது. ‘வணிகப் பயனர்’ என்பவர் பாதுகாக்கப்படுகிற ஒரு பொருள். பேசுகிற தன்னிலையாக அவர் எங்கும் இல்லை. இதில் கொஞ்சம் முன்னே போயிருப்பது ஐரோப்பாவின் வேறொரு விதி. 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அது, விற்பனையாளரின் கணக்கை முடக்கினால் காரணம் சொல், அடியோடு நீக்குவதானால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்புக் கொடு, வரிசைப்படுத்தும் முக்கிய அளவுகோல்களை வெளியிடு என்கிறது. நம்முடைய 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் வரிசை அளவுகோலை எளிய மொழியில் விளக்கச் சொல்கின்றன. அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதி. எழுதியிருக்கிறது, சரி. யார் போய் அந்த அளவுகோலைச் சோதிப்பது?

7

‘பிளாட்பாரம்’ என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது நடைபாதை. பிளாட்பாரக் கடைக்காரர்களின் வாழ்க்கை மாமூலும் விரட்டலும் நிறைந்தது. ஆனால் வருஷக்கணக்காகப் போராடி அவர்கள் ஒரு சட்டத்தைப் பெற்றார்கள். 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஊர்தோறும் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு, அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அப்புறப்படுத்துவதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பல ஊர்களில் இது காகிதத்தில் கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கூடை பூ விற்கும் பெண்ணுக்குத் தன் பிளாட்பாரத்தை ஆளும் குழுவில் சட்டப்படி இடம் உண்டு. இணையப் பிளாட்பாரத்தில் லட்சக்கணக்கில் வியாபாரம் செய்பவருக்கு அது இல்லை.

இன்னும் பின்னால் போகலாம். தமிழில் ‘ஒழுங்குமுறை’ என்ற சொல் கொங்கு நாட்டு விவசாயிக்குப் பழக்கமானது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வழியாக. 1928இல் விவசாயத்துக்கான ராயல் கமிஷன் பரிந்துரைத்து, 1933இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்து, 1936இல் திருப்பூரில் பருத்திக்காக முதல் விற்பனைக்கூடம் தொடங்கியது. தரகரின் தராசு, தரகரின் கழிவு, மகமை என்ற பெயரில் பிடித்தம், துணிக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசும் மறைமுக விலை, இவைதான் அந்தக் காலச் சந்தையின் ‘கணிநிரல்’. சட்டம் சந்தையை ஒழிக்கவில்லை. எடைபோடுவதைப் பொதுவில் வைத்தது, கழிவுக்கு வரம்பு கட்டியது, நிர்வாகக் குழுவில் பயிரிடுகிறவர்களையும் உட்கார வைத்தது. அதற்குள்ளும் வியாபாரிகள் கூட்டுச் சேர்ந்தார்கள், பெரிய விவசாயிகளே குழுக்களைக் கைப்பற்றினார்கள். இருந்தாலும் 2020இல் வேளாண் சட்டங்கள் வந்தபோது டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்த விவசாயிகள் காக்க நினைத்தது குறைகள் நிறைந்த அந்த மண்டியைத்தான். அந்தச் சட்டங்களில் ஒன்று, மண்டிக்கு வெளியே தனியார் மின்னணு வர்த்தகத் தளம் நடத்த வழிவிட்டது. 2021இல் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஈரோட்டுத் தோழர் அந்தப் போராட்டத்துக்கு ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டியவர். அப்போது அவர் ‘இது முதலாளிகள் சண்டை’ என்று சொல்லவில்லை. சந்தையின் விதியை யார் எழுதுவது என்ற கேள்வி வர்க்கக் கேள்விதான் என்பது அன்றைக்கு அவருக்குத் தெளிவாக இருந்தது.

ஆகவே நாம் எழுப்பவேண்டிய கோரிக்கைகள் ‘போட்டி’ என்ற சொல்லைத் தாண்டியவை. காரணம் சொல்லாமல் கடையைப் பூட்டக்கூடாது. பூட்டியதை விசாரிக்கத் தளத்துக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். வரிசைப்படுத்தும் நிரலைத் தராசைச் சோதிப்பதுபோல அரசு சோதிக்க வேண்டும். தளம் நடத்துபவர் அதில் விற்கக்கூடாது என்பது எந்தக் கொடியின் கீழ் வந்த மூலதனத்துக்கும் பொருந்த வேண்டும். விதி எழுதும் குழுவில் விற்பவர்களுக்கும், சரக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுகிற தொழிலாளர்களுக்கும் இடம் வேண்டும். அந்தத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023இல் நலவாரியம் வந்தது. நலம் கேட்பது ஒன்று. விதியில் பங்கு கேட்பது இன்னொன்று.

8

முடிக்கும் முன் ஒரு விஷயம். இதை மறைத்தால் கட்டுரை பொய்யாகிவிடும். அண்ணனை நான் தியாகியாக்கிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கழிவுகள் ஏறியபோது அவர் என்ன செய்தார் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘வேற வழி? தறிக்காரங்களுக்குப் போர்வைக்கு மூணு ரூவா கொறச்சேன்’ என்றார். நெய்கிறவர்களுக்கு அந்த இணையச் சந்தையின் பெயர்கூடத் தெரியாது. அவர்கள் அதில் கணக்கு வைத்திருக்கவில்லை, அதன் விதிகள் எதிலும் கையெழுத்திடவில்லை. எங்கேயோ ஒரு நகரத்தில் ஏற்றப்பட்ட கமிஷன் சென்னிமலைத் தறிக்குழியில் மூன்று ரூபாயாக வந்து இறங்குகிறது.

இதைச் சொன்னால் தோழர் உடனே கேட்பார்: அப்படீன்னா அண்ணனுக்கு உரிமை வாங்கிக் கொடுத்தா அந்த மூணு ரூபா தறிக்காரருக்குத் திரும்பப் போயிடுமா? தானாகப் போகாது. அதற்கு நெசவாளர்கள் அண்ணனோடு சண்டை போட வேண்டும். ஆனால் அந்தச் சண்டைக்கு எதிரில் ஆள் இருக்க வேண்டும். இன்றைக்கு அவர்கள் கூலி உயர்வு கேட்டால் அண்ணன் கையை மேலே காட்டுவார். மேலே யாரும் இல்லை, ஒரு திரை இருக்கிறது, ‘கொள்கையை மீறிவிட்டீர்கள்’ என்ற ஒரு வரி இருக்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பவரை வெளியே வரவழைத்துப் பதில் சொல்ல வைப்பது அண்ணனின் பிரச்சினை மட்டும்தானா?

ஈரோட்டில் அடுத்த கூட்டத்துக்குத் தறிக்காரர்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லியிருக்கிறேன். அண்ணனும் வருகிறேன் என்றிருக்கிறார். தோழர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.